ஒரே முறைதான் சொல்லலாம்

இளைஞர் நலன் என்பது விளையாட்டுக் காரியம் அல்ல. கேப்லின் ஆர்ம் என்னும் எங்கள் குளிர்நாட்டு மீன்பிடி ஊரில் அதை ஆறு அமைப்புகள் தனித்தனியாகக் கவனித்துவந்த காலத்தில் பிள்ளைகள் பட்ட அலைச்சலை நான் கண்ணால் கண்டவள். தங்க இடம் இல்லையென்றால் தேவாலயத்துக்குப் பின்னால் போக வேண்டும். பல் வலித்தால் படகுத்துறைக்கு. மனசு சரியில்லையென்றால் மீன் ஆலையின் மாடிக்கு. அங்கே ஏறி வரும் நாற்றத்தில் மனசு இன்னும் கெடும். இதற்கு ஒரு முடிவு கட்ட ஆறு அமைப்புகளும் ஒன்றுகூடி, மூடிக் கிடந்த வங்கிக் கட்டடத்தை எடுத்து, ‘ஒருங்கிணைந்த இளைஞர் ஆதரவு மையம்’ என்று பெயர் சூட்டின. ரிப்பன் வெட்டுவதற்கு ஆறு கத்தரிக்கோல் வாங்கினோம். இனி எந்தப் பிள்ளையும் ஊரெல்லாம் அலைய வேண்டாம், ஒரே இடத்தில் உட்கார்ந்து காத்திருந்தால் போதும்.

என் பெயர் வின்னி. மையத்தின் கூட்டு வரவேற்பாளர் நான். அதாவது சம்பளம் ஒன்று, முதலாளிகள் ஆறு பேர். தொலைபேசியை எடுத்தால் ஆறு அமைப்புகளின் பெயரையும் சொல்லி வணக்கம் வைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. கூப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் மூன்றாவது பெயரில் வைத்துவிடுவார்கள்.

மையத்தின் உயிர்மூச்சான கொள்கையைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தோம்: ‘உன் கதையை ஒரே முறை சொன்னால் போதும்.’ நல்ல கொள்கைதான். முன்பெல்லாம் ஒரு பிள்ளை தன் கஷ்டத்தை ஆறு இடத்தில் ஆறு முறை சொல்லும். ஆறாவது இடம் வருவதற்குள் அதற்கே அலுத்துப்போய்க் கொட்டாவி வந்துவிடும். வீட்டு வசதி அமைப்பின் தலைவி க்ளெனிஸ் முதல் கூட்டத்தில் இந்தக் கொள்கையை வாசித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வேலைப் பயிற்சி அமைப்பின் ஆம்ப்ரோஸ்தான் ஒரு சந்தேகம் கிளப்பினார்.

“ஒரே முறைன்னா, யார்கிட்ட சொல்லணும்?”

“எல்லார்கிட்டயும்தான்.”

“அப்ப சொல்லும்போது எல்லாரும் கூட இருந்தாகணுமே?”

இந்த வாதத்தில் ஓட்டை கண்டுபிடிக்க எவராலும் முடியவில்லை. ஆகவே, ஆறு அமைப்பின் தலைவர்களும் வந்து அமரும்வரை எந்த இளைஞரும் தன்னைப் பற்றி வாய் திறக்கலாகாது என்று ஏகமனதாகத் தீர்மானம் ஆயிற்று. வாயை அடக்கும் பொறுப்பு வரவேற்பாளருக்கு.

முதலில் வந்தவன் கோல்பி. பதினேழு வயது. குளிரில் காது இரண்டும் சிவந்திருந்தன. நேராக என் மேசைக்கு வந்தான்.

“வின்னி அத்தை, எனக்கு ஒரு ரூ—”

“சொல்லாதே!” என்று கத்தியபடி எழுந்தேன். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

“ஏன் அத்தை?”

“கதை வீணாப் போயிடும் ராசா! உன்கிட்ட இருக்கறது ஒண்ணே ஒண்ணு!”

அவன் வாயைப் பொத்திக்கொண்டான். நல்ல பையன். பெரியவர்கள் சொன்னால் கேட்பான்.

கோல்பியின் கதை ஊருக்கே தெரியும். அவனை வளர்த்த சித்தி, வீட்டை விற்றுவிட்டுப் புருஷன் எண்ணெய் வயலில் வேலை பார்க்கும் தொலைதூர ஆல்பர்ட்டாவுக்குப் போய்விட்டாள். பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம்; நடுவில் விட்டுப்போனால் ஒரு வருஷம் போச்சு என்று இவன் மட்டும் தங்கிவிட்டான். சிநேகிதனுடைய அப்பாவின் படகுக் கொட்டகையில் வலைக்குவியல் மேல் படுத்துக்கொள்கிறான். பனி இறுகிவிட்டால் அங்கே மனுஷன் படுக்க முடியாது. எல்லாம் எனக்குத் தெரியும், க்ளெனிஸுக்கும் தெரியும், ஆம்ப்ரோஸுக்கும் தெரியும். யார் வீட்டு அடுப்பில் எந்த மீன் வேகிறது என்பதே ஒளிவுமறைவு இல்லாத ஊர் இது. ஆனால் அதிகாரபூர்வமாக எங்களில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்ததாகக் காட்டிக்கொண்டால் அவன் ஒரு முறை சொல்லிவிட்டான் என்று ஆகிவிடும்.

அன்று மாலையே ‘ரூ’ பற்றி அவசரக் கூட்டம் கூடியது.

“ரூம்னுதான் சொல்ல வந்திருக்கான். எங்க துறை,” என்றாள் க்ளெனிஸ்.

“அதெப்படி முடிவு பண்றே? ரூட்டா இருக்கலாமே? வண்டி வராத ரூட்டைப் பத்திச் சொல்ல வந்திருப்பான்,” என்றார் போக்குவரத்து உதவி அமைப்புக்காரர்.

“ரூட் கேனாலா இருந்தா?” என்றாள் பல் அமைப்பின் பெண்மணி. “பாவம், எவ்வளவு வலியோ பிள்ளைக்கு!”

மனநல அமைப்பின் டல்சி எல்லோரையும் கண்ணை மூடி மூச்சை இழுத்து விடச் சொன்னாள். விட்டோம். பிறகு தீர்மானம் நிறைவேறியது: ‘ரூ’ என்பது மேற்படி கதையின் சொல்லப்பட்ட பகுதியாகக் கருதப்படும். மறுபடி அதைச் சொல்லவைத்து இளைஞரைத் துன்புறுத்தலாகாது. மீதியை அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்.

இனி ஆறு பேரும் சேர்ந்து உட்காரும் நாளைத்தான் குறிக்க வேண்டும். ஆம்ப்ரோஸுக்குக் கடமான் வேட்டைக்கு உரிமம் கிடைத்திருந்தது. அந்தப் பருவத்தில் அவரைக் காட்டில் கடமானாலேயே கண்டுபிடிக்க முடியாது, நாங்கள் எங்கே கண்டுபிடிப்பது? அவர் திரும்பியபோது க்ளெனிஸும் டல்சியும் ‘இளைஞர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பது எப்படி’ என்ற பயிற்சிக்குத் தலைநகர் போயிருந்தார்கள். அவர்கள் வந்தபோது பல் பெண்மணி பல் வலியென்று படுத்துவிட்டாள்.

கோல்பி தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் வந்து உட்கார்ந்துகொள்வான். அவனுக்கு நாங்கள் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆறு அமைப்புகளும் ஆளுக்கொரு காப்பிக் குவளை கொடுத்தன. கம்பளித் தொப்பி கொடுத்தோம். ‘நீ தனியாக இல்லை’ என்று அச்சடித்த கைப்பை கொடுத்தோம். பேச்சுக் கொடுப்பதுதான் சங்கடமாக இருந்தது. “எப்படி இருக்கே?” என்று கேட்க முடியாது, பதில் சொல்லித் தொலைத்துவிட்டால்? வானிலையைப் பற்றி மட்டும் பேசலாம் என்று விட்டிருந்தார்கள்.

“நேத்து ராத்திரி நல்ல காத்து, இல்லே?” என்றேன் ஒரு நாள்.

“ஆமா அத்தை. கொட்டகைக் கூரை ஒரு பக்கம்—”

“போதும், போதும்! வானத்தைப் பத்தி மட்டும் சொல்லு!”

“வானம் நல்லாத் தெரிஞ்சுது அத்தை,” என்றான். “கூரை வழியா.”

மறுநாள் வீட்டிலிருந்து பட்டாணி சூப் கொண்டுபோய்க் கொடுத்தேன். உணவு எங்கள் துறை, வரவேற்பு மேசையில் சூப் எப்படி வரலாம் என்று உணவு அமைப்புக்காரர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

கடைசியில், துறைமுகத்தில் பனிக்கட்டி படிய ஆரம்பித்த பிறகு, ஒரு நாள் அமைந்தது. இடம், வங்கியின் பழைய பெட்டக அறை. இளைஞர்கள் மனம்விட்டுப் பேசுவதற்காக அதைத்தான் ஒதுக்கியிருந்தோம். உள்ளே பேசுவது வெளியே கேட்காது. ஆனால் வெளிப்படைத்தன்மை வேண்டுமென்று இரும்புக் கதவைக் கழற்றிவிட்டுத் தடித்த கண்ணாடிக் கதவு போட்டிருந்தோம். ஆறு தலைவர்களும், குறிப்பெடுக்க நானும், நடுவில் கோல்பியும் முழங்கால் முட்ட உட்கார்ந்தோம். டல்சி மூச்சு விடச் சொன்னாள். விட்டோம்.

“இப்ப சொல்லு கண்ணு,” என்றாள் க்ளெனிஸ். “பயப்படாம, விட்ட இடத்துலேர்ந்து சொல்லு.”

கோல்பி தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

“ம்,” என்றான்.

எல்லோரும் பரிவோடு தலையாட்டினோம்.

“ஜூன் வரைக்கும் போதும். பள்ளிக்கூடம் முடியற வரைக்கும். கொட்டகைல குடிக்கிற தண்ணியே உறைஞ்சு போகுது. அவ்வளவுதான்.”

முடிந்துவிட்டது. இத்தனை நாள் காத்திருந்த கதை, ஒரு பாத்திரம் கழுவும் நேரம்கூட ஆகவில்லை. சரியாக அந்த நேரம் பார்த்து ஆம்ப்ரோஸுக்குத் தும்மல் வந்திருந்தது.

“என்ன சொன்னான்? எனக்குக் கேக்கலையே!”

“திருப்பிக் கேக்கக் கூடாது ஆம்ப்ரோஸ்!”

“அப்ப நீங்க யாராவது சொல்லுங்களேன்.”

“நாங்க சொன்னா அது ரெண்டாவது தடவை!”

“ஆம்ப்ரோஸ் மாமா,” என்று கோல்பி குறுக்கிட்டான். “கதை முடிஞ்சு போச்சு, விடுங்க. நான் ஒரு கேள்வி கேக்கலாமா?”

ஆறு பேரும் கலந்து பேசினார்கள். கொள்கையில் கதைக்குத்தான் கட்டுப்பாடு, கேள்வியைப் பற்றி ஒன்றும் இல்லை. கேட்கலாம் என்றார்கள்.

“உங்கள்ல யார் வீட்டுலயாவது ஒரு ரூம் சும்மா இருக்கா?”

டல்சிகூட மூச்சு விடச் சொல்ல மறந்துபோனாள்.

எங்கள் ஊரில் பிள்ளைகளெல்லாம் வேலை தேடி ஆல்பர்ட்டாவுக்குப் போயாயிற்று. அறை காலியாக இல்லாத வீடு கிடையாது. க்ளெனிஸின் மகன் அறையில் அவள் ஏறி நடக்காத நடை இயந்திரம் நிற்கிறது. ஆம்ப்ரோஸ் வீட்டில் மூன்று அறை காலி, ஒன்றில் கடமான் கொம்புகள் மட்டும் குடியிருக்கின்றன. என் மகளின் கட்டில் அப்படியே கிடக்கிறது. அதன்மேல் கிறிஸ்துமஸ் தோரணப் பெட்டிகளை அடுக்கியிருக்கிறேன். நாங்கள் பின்கதவைப் பூட்டாத ஜனங்கள். வழி தவறி வரும் அந்நியர்களை வீட்டுக்குள் அழைத்துச் சோறு போட்டுப் படுக்கவைப்பதில் பேர்போனவர்கள். கோல்பி அந்நியன் இல்லை, அதுதான் சிக்கல்.

க்ளெனிஸ்தான் முதலில் சுதாரித்தாள். “ரொம்ப அருமையான கேள்வி, கண்ணு. நாங்க கொஞ்சம் கலந்து பேசணும். நீ ஒரு நிமிஷம் வெளிய நில்லு.”

அவன் வெளியே போனதும் கண்ணாடிக் கதவைச் சாத்தினோம்.

“இந்தக் கேள்வியை ஆராய ஒரு துணைக்குழு போடணும்னு நான் முன்மொழியறேன்,” என்றாள் க்ளெனிஸ். “வசந்த காலத்துக்குள்ள அறிக்கை வந்தாகணும். சம்மதம்னா கையைத் தூக்குங்க.”

எங்களுக்கெல்லாம் உயிர் திரும்பி வந்தது. ஆறு கையும் உயர்ந்தன. ஓட்டுரிமை இல்லாத நானும் தூக்கினேன்.

கண்ணாடிக்கு வெளியே நின்ற கோல்பி, உயர்ந்த கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தான். என் கைக்கு வந்தபோது அவன் முகமெல்லாம் சிரிப்பு. ஓடிப்போய்ப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டான். தொப்பியைச் சரிசெய்துகொண்டு, யார் பின்னால் போவது என்று கேட்கிற முகத்தோடு கதவருகே வந்து நின்றான்.

கையை எப்போது இறக்குவது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.