தகரக் கொட்டகைக்குப் பின்னால் ஈஃபிள் கோபுரம்

இனி என் சகலை முன்னால் தலைகுனிவதில்லை என்று போன ஆவணியில் முடிவெடுத்தேன். முடிவு கம்பீரமாகத்தான் இருந்தது.

சகலை கதிர்வேல் பாரிஸ் போய்வந்திருந்தான். ஈஃபிள் கோபுரத்தின் முன்னால் நின்று எடுத்த போட்டோக்களைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தினம் ஒன்றாகப் போட்டான். என் மனைவி செவ்வந்தி ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். என்னிடம் பெரிதாக்கிப் பார்க்க ஒன்றுமில்லை. கோயமுத்தூர் கணபதி ஏரியாவில் ஒரு கிரில் பட்டறை. நாலு மாதமாக ஆர்டர் இல்லை. அங்கே ஒழுங்காக வேலை பார்த்தது துரு மட்டும்தான்.

“ஏனுங்க, கல்யாணம் ஆனப்ப பாரிசு கூட்டிட்டுப் போறேன்னீங்க. இருவத்தஞ்சு வருசம் ஆச்சுங்க.”

“பாரிசு பாரிசுன்னு நீ சொல்லிச் சொல்லியே எனக்குப் பாரிசவாயு வந்துரும் அம்மணி.”

“அதுக்காச்சும் ஆசுபத்திரி வரைக்கும் வெளிய போலாமுங்க.”

மறுநாளே கிடந்த இரும்பு ஆங்கிளையெல்லாம் வெட்டினேன். பதினோரு நாளில், பட்டறைக்குப் பின்னால் தகரம் அடைத்த சந்தில், பத்தடி ஈஃபிள் கோபுரம் நின்றது. செவ்வந்தியைக் கூட்டிப்போய்க் காட்டினேன்.

“பாரிசுக்கு எதுக்குப் போறாங்க? போட்டோ எடுக்க. அதைய இங்கயே எடுத்துப்போட்டா?”

அவள் அண்ணாந்து பார்த்தாள். தொட்டாள். விரலில் பெயிண்ட் ஒட்டிக்கொண்டது.

“இதுக்குத்தானுங்களா நான் காத்திருந்தது?”

“சிரி அம்மணி” என்றேன். ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு சிரித்தாள். போனைத் தரையில் சாய்த்து, டைமர் வைத்து, ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றேன். படத்தில் தகரம் விழவில்லை. மேகம் மட்டும் விழுந்தது. மேகத்தில் பாரிஸ் மேகம், கணபதி மேகம் என்று எழுதியா இருக்கிறது?

‘பாரிசில் ஒரு வாரம்’ என்று போட்டேன். குழுவே வாய்பிளந்தது. அன்றைக்கு ஒரு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

காலையில் செருப்பை மாட்டினேன்.

“எங்கீங்க கெளம்பிட்டீங்க?”

“டீ குடிச்சுட்டு வாரேன்.”

“நீங்க பாரிசுல இருக்கீங்க.”

செருப்பைக் கழற்றினேன்.

முன்கதவை வெளியே பூட்டிவிட்டுப் பின்வாசல் வழியாக உள்ளே வந்தோம். ஜன்னல்களைச் சாத்தினோம். டிவி ஊமையானது. மிக்ஸி ஓடக் கூடாது. மூன்று வேளையும் ரசம். வெளியே மழை, உள்ளே இருட்டு. பக்கத்து வீட்டு ஐயாசாமி யாரிடமோ சொன்னது சுவர் தாண்டிக் கேட்டது: “குடுத்து வெச்ச மனுசனப்பா! நாமதான் இங்க கெடந்து சாகறோம்.”

பெருமூச்சு விடலாம் என்றால் அவருக்குக் கேட்டுவிடும்.

மூன்றாம் நாள் நான் எழுந்தபோது செவ்வந்தி இல்லை. பெட்டியும் இல்லை. போர்வைக்குள் புகுந்து போன் போட்டேன்.

“எங்க இருக்கறே?”

“பவானியில, எங்கம்மா ஊட்லீங்க. சத்தமாப் பேசுங்க, ஒண்ணுமே கேக்கல.”

“எப்படிச் சத்தமாப் பேசறது? அங்க போயி நின்னா மாட்டிக்குவமே!”

“மாட்டலீங்க. குளுரு ஒத்துக்கல, நான் மட்டும் முன்னாடியே வந்துட்டேன்னு சொல்லிப்போட்டேன். தங்கச்சி ஊட்டுக்காரரு காரு எடுத்துட்டு வந்திருக்காரு. எல்லாரும் மூணாறு கெளம்பறோம்.”

“அப்ப நானு?”

“உங்களுக்குப் பாரிசு ரொம்பப் புடிச்சுப்போச்சு, இன்னும் பத்து நாளு இருந்துட்டுத்தான் வருவீங்கன்னு குழுவுல போட்டுட்டனுங்க.”