நாற்பத்தேழாம் எண் முழங்கால்

முழங்காலைப் பற்றி மனிதகுலம் அறிய வேண்டியதெல்லாம் நாற்பது கேள்விகளில் அடங்கிவிட்டது. அந்தப் படிவத்தை எங்கள் சவாயி தீவுக்கு அனுப்பிய பெருமை ஆக்லாந்து அலுவலகத்துக்கு. வீடு வீடாகக் கொண்டுபோன பெருமை எனக்கு.

படிவத்தின் மேன்மை இது: யாரும் முழங்காலைப் பார்க்க வேண்டியதில்லை. நோயாளியே சொல்லிவிடுவார். பார்த்தால் 'பாரபட்சம்' வந்துவிடும். நூறு மதிப்பெண் என்றால் பழுதற்ற முழங்கால். ஐம்பதுக்குக் கீழே வாங்கியவர்களுக்கு, நியூசிலாந்திலிருந்து வரும் குழு தலைநகர் அப்பியாவில் அறுவைச் சிகிச்சை செய்யும்.

ஃபாதோயா எனக்குத் தாய்மாமன். ஆனால் ஆய்வில் உறவு கிடையாது. அங்கே அவர் எண் நாற்பத்தேழு.

எங்கள் குடும்பத்துத் தலைவர் பட்டம் மாமாவுடையது. ஊர் மன்றத்தில் அவருக்கென்று ஒரு தூண் உண்டு. திங்கட்கிழமைகளில் அதில் சாய்ந்து, சம்மணமிட்டு அமர்ந்து ஊர் விவகாரம் பேச வேண்டும். மன்றத்தில் பிறரை நோக்கிக் கால் நீட்டுவது அவமரியாதை. பாயால் மூடிக்கொண்டு நீட்டினால் ஒரு தடவை பொறுப்பார்கள். மாமா மூன்று வாரம் நீட்டினார். நான்காவது வாரம் வெட்கப்பட்டுப் போகவில்லை. தூண் காலியாகவே கிடந்தால் குடும்பம் வேறு ஆளை உட்கார வைக்க வேண்டும். கிறிஸ்துமஸ் வரை பார்ப்போம் என்று பெரியவர்கள் சொல்லியிருந்தார்கள்.

நான் படிவத்தைத் திறந்து, காலுறை மாட்டுவதில் கடந்த வாரம் எவ்வளவு சிரமம் என்று கேட்டேன்.

"எங்கிட்ட ஏதுடா காலுறை?" என்றார் மாமா.

"அப்ப சிரமம் இல்ல."

குளியல் தொட்டியில் இறங்குவது? மாமா ஊர்க் குளத்தில் குளிப்பவர். சிரமம் இல்லை. மாடிப்படி? அந்த வீட்டில் மாடியே இல்லை. காரில் ஏறி இறங்குவது? கார் மகனுடையது, மகன் பிரிஸ்பேனில் இருக்கிறான். ஓடுவது? பட்டம் உள்ளவர் ஓடினால் ஊர் சிரிக்கும். இருபது வருடமாக மாமா ஓடவில்லை. எனவே ஓடுவதிலும் சிரமம் இல்லை.

"சம்மணம் போடறத எப்பக் கேப்ப?"

"அது படிவத்துல இல்ல மாமா."

"அதுதானே எனக்கு வலிக்குது."

இடுப்பில் சுற்றிய லாவாலாவாவை முழங்காலுக்கு மேல் தூக்கிக் காட்டப் போனார். நான் விதிப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"பப்பாளி மாதிரி வீங்கிக் கெடக்கு. கண்ணத் தொறந்து பாருடா" என்றாள் அவர் மகள் சினேவா. அவளுக்கு ஆராய்ச்சிப் பயிற்சி இல்லை.

மாமா பெற்ற மதிப்பெண் தொண்ணூற்றொன்று.

சம்மணத்துக்கு ஒரு கேள்வி சேர்க்கலாமா என்று ஆக்லாந்துக்கு எழுதினேன். ஒன்பது வாரம் கழித்து டாக்டர் ஹெதரிங்டன் அன்போடு பதில் எழுதினார். இது ஐம்பது மொழிகளில் 'சரிபார்க்கப்பட்ட' படிவம். ஒரு கேள்வி கூடினாலும் எங்கள் முழங்கால்களை நார்வே முழங்கால்களோடு ஒப்பிட முடியாமல் போகும். நார்வேயோடு ஒப்பிட முடியாத முழங்காலை வைத்துக்கொண்டு யார் என்ன செய்வது? ஆனால் காலுறை பற்றிய எங்கள் கவலையை அலுவலகம் கனிவோடு பரிசீலித்திருந்தது. அடுத்த படகில் நூற்றிருபது ஜோடி கம்பளிக் காலுறை வந்தது.

நாற்காலியில் உட்கார்ந்து மாமா மாட்டிப் பார்த்தார். சுலபமாக ஏறியது. மதிப்பெண் அசையவில்லை.

சினேவா என்னைப் பிடித்துக்கொண்டாள். "நாலஞ்சு கேள்விக்கு 'பயங்கர சிரமம்'னு போட்டா அப்பாவுக்கு ஆபரேஷன் கெடைக்குமா?"

"நெறைய கேள்விக்குப் போட்டா கெடைக்கும்."

"அப்பா, போடச் சொல்லுங்க."

மாமா காலுறையைக் கழற்றி மடித்தார். "இல்லாத தொட்டியில நான் எப்படிம்மா கஷ்டப்படுவேன்? மன்றத்துல உக்காந்து பேசின வாய் இது. பொய் சொல்லாது."

பதிலைத் தூண்டக் கூடாது என்பது கேள்வி கேட்பவருக்கான ஒன்பதாம் விதி. நான் எதையும் தூண்டவில்லை. அந்த அளவுக்கு நேர்மையாக இருந்தேன்.

கிறிஸ்துமஸ் கழிந்தது. குடும்பம் கூடியது. தூணில் அமர இளமையும் படிப்பும் நல்ல முழங்காலும் உள்ள ஒருவர் தேவை என்று பேசினார்கள். தேடிப் பார்த்ததில், என்னைத் தவிர யாரும் தென்படவில்லை. ஊருக்குச் செய்யும் சேவை என்று ஒப்புக்கொண்டேன்.

பிப்ரவரியில் இரண்டாம் சுற்று. மாமா வாசலில் நாற்காலி போட்டுக் காலை நீட்டிக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வலி உண்டா என்று கேட்டேன்.

"இல்ல. இப்ப நான் எங்க சம்மணம் போடறேன்?"

மதிப்பெண் நூறு.

'சிகிச்சையே இல்லாமல் கிடைத்த முழுக் குணம்' என்று டாக்டர் ஹெதரிங்டன் மகிழ்ந்து எழுதினார். கோபன்ஹேகன் மாநாட்டில் நாற்பத்தேழாம் எண்ணுக்குத் தனி வரைபடம் உண்டாம். மாமாவிடம் சொன்னேன். தலையை ஆட்டினார்.

நான் கிளம்பும்போது கூப்பிட்டார். "மருமவனே, திங்கக்கெழம தூணுல எடது பக்கமா சாயாத. மரத்துல ஒரு கணு இருக்கு. குத்தும்."

கேட்காத கேள்விக்கு வந்த பதில். அதைக் குறிக்கப் படிவத்தில் இடமில்லை. எனவே நானே சரிபார்த்தேன். மாமா சொன்னது தவறு. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் குத்துகிறது.