பால்வாடி தும்மிய நாள்

பயந்தாங்கொள்ளிகள் தொண்டு நிறுவனத்தில் வேலைக்குச் சேரக் கூடாது. அதிலும் அரசாங்கத்தோடு சேர்ந்து வேலை பார்க்கிற கூட்டமைப்பில் சேரவே கூடாது. நான் சேர்ந்தேன். அதுவரை சும்மா பயந்துகொண்டிருந்தவள், மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு பயப்பட ஆரம்பித்தேன்.

தொண்ணூறுகளின் கடைசி. கோவில்பட்டியைச் சுற்றியிருந்த சின்னச் சின்ன நிறுவனங்கள் ஒன்றுகூடி ஒரு கூட்டமைப்பு வைத்திருந்தன. தீப்பெட்டி ஆபீசுக்கும் (எங்கள் பக்கம் தொழிற்சாலையை அப்படித்தான் சொல்வோம்) காட்டு வேலைக்கும் போகிற தாய்மார்களின் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ள ஊருக்கு ஊர் பால்வாடி நடத்தினோம். கையிலிருந்த நிதி தீரப்போகிற நேரம். அரசாங்கம் சத்துமாவும் ஆயாக்களுக்குச் சம்பளமும் தருவதாகப் பேச்சு நடந்தது. அதற்கு முன்னால் கலெக்டர் ஒரு மையத்தையாவது நேரில் பார்க்க வேண்டும். அவருக்குத் திருப்தியென்றால் எல்லா ஊருக்கும் கையெழுத்து. இல்லையென்றால் எல்லா ஊரிலும் பூட்டு.

கூட்டமைப்பின் தலைவர் ராஜாமணி சார் என்னைக் கூப்பிட்டார். ரிட்டயர்டான ஹெட்மாஸ்டர். அவர் சாதாரணமாகக் கூப்பிட்டாலே எனக்குப் பரீட்சையில் தோற்ற மாதிரி இருக்கும்.

"நாளைக்குக் கலெக்டர் வாராவ. விளாத்திகுளம் பக்கம் பவுனுத்தாய் நடத்துத பால்வாடிக்குக் கூட்டிட்டுப் போவோம். நீ தகவல் சொல்லிரு. பிள்ளைய ஒண்ணு குறையப்பிடாது."

அந்த ஊரில் போன் கிடையாது. ஓடிப்போய் பஸ் ஸ்டாண்டில் அந்த ஊருக்குப் போகிற பஸ்ஸின் கண்டக்டர் அண்ணாச்சியைப் பிடித்தேன்.

"அண்ணாச்சி, பால்வாடி பவுனுத்தாய் அக்காகிட்ட ஒரு தகவல். நாளைக்குக் காலைல கலெக்டர் பிள்ளையளுக்காக வாராவ. ஒண்ணு விடாம இருக்கணும்னு சொல்லிருங்க."

"கலெக்டரா? பிள்ளையளுக்காகவா?"

"ஆமா அண்ணாச்சி. ஒண்ணு விடாம."

அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. கலெக்டர் மேல் உள்ள மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். (அந்தச் சமயத்தில்தான் தீப்பெட்டி வேலை செய்கிற சிறுவர்களை மீட்க அதிகாரிகள் ஜீப் ஜீப்பாக ஊர்களில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கும் தெரியும். ஆனால் பயத்தில் இருக்கிறவளுக்கு மூளை எங்கே வேலை செய்தது?)

மறுநாள் கலெக்டரும் தாசில்தாரும் சேவகரான டவாலியும் ஏறிய ஜீப் முன்னால் போக, ராஜாமணி சாரும் நானும் பின்னால் இன்னொரு வண்டியில் போனோம். வழியெல்லாம், கலெக்டர் கேட்டால் சொல்ல வேண்டிய கணக்கை மனப்பாடம் செய்துகொண்டே போனேன். ஊருக்குள் நுழைந்ததும் அது மொத்தமும் மறந்துவிட்டது. தெருவில் ஒரு மனுச நடமாட்டம் இல்லை. எல்லா வீட்டுக் கதவும் சாத்தியிருந்தது. நாலு ஆடுகள் மட்டும் நின்று ஜீப்பைப் பார்த்தன.

பால்வாடி வாசலில் பவுனுத்தாய் அக்கா தனியாக நின்றாள். உள்ளே விரித்த பாய் விரித்தபடி கிடந்தது. பிள்ளை ஒன்றுகூட இல்லை.

"பிள்ளைய எங்கக்கா?" என்று காதுக்குள் கேட்டேன்.

"நீதான தாயி சொல்லிவிட்ட, கலெக்டரே வந்து ஒண்ணு விடாம அள்ளிட்டுப் போறாவன்னு. நீ முன்கூட்டியே சொன்னதால தப்பிச்சோம். ஒளிச்சு வச்சிட்டோம்."

நன்றியோடு என் கையைப் பிடித்தாள். அந்த இடத்திலேயே கரிசல் வெடித்து என்னை உள்ளே இழுத்துக்கொள்ளக் கூடாதா என்றிருந்தது.

கலெக்டர் என் பக்கம் திரும்பினார். "குழந்தைங்க எங்கம்மா?"

"தூங்குதாவ சார்." (பயத்தில் பிள்ளைகளுக்கும் மரியாதை கொடுத்துவிட்டேன்.)

"காலையிலேயா? எங்க தூங்குறாங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்துக் கிட்டங்கியிலிருந்து ஒரு தும்மல் கேட்டது. மிளகாய் வத்தல் மூட்டை போட்டு வைக்கிற கிட்டங்கி. வெளியே பூட்டியிருந்தது. எல்லாரும் அந்தப் பக்கம் பார்த்தோம். இன்னொரு தும்மல். ராஜாமணி சார் மழை வருமா என்பதுபோல் வானத்தைப் பார்த்தார்.

"அது என்ன?" என்றார் கலெக்டர்.

"ஆடு சார்."

"ஆடு தும்முமா?"

"எங்க பக்கத்து ஆடு தும்மும் சார்."

அதற்குள் உள்ளே மொத்தக் கூட்டமும் தும்ம ஆரம்பித்துவிட்டது. நடுவில் ஒரு குரல் தெளிவாகக் கேட்டது: "யக்கா, எனக்கு ஒண்ணுக்கு வருது."

கலெக்டர் என்னையே பார்த்தார். "பேசவும் செய்யுது," என்றார்.

கதவைத் திறக்கச் சொன்னார். பவுனுத்தாய் அக்கா குறுக்கே போய் நின்றுவிட்டாள். "சாமி, எல்லாம் பால்வாடிப் பிள்ளைய. ஒண்ணுகூட தீப்பெட்டி ஆபீஸ் வாசல மிதிச்சதில்ல. கொண்டுட்டுப் போயிராதீங்க." சுவர்களுக்குப் பின்னாலிருந்து தாய்மார்கள் ஒவ்வொருவராக வந்து அவளோடு நின்றார்கள். ஒருத்தி கையில் துணிப்பை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எட்டயபுரத்தில் உள்ள அக்கா வீட்டுக்குக் கிளம்ப இருந்தாளாம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் பயந்தது வேலை போய்விடும் என்று. இவர்கள் பயந்தது பிள்ளை போய்விடும் என்று.

கலெக்டர் தணிந்த குரலில், "யாரும் யாரையும் கொண்டு போகல. முதல்ல பிள்ளைங்கள வெளிய விடுங்க," என்றார்.

கதவு திறந்தது. கண் சிவந்து மூக்கு ஒழுக பிள்ளைகள் வெளியே ஓடி வந்தன. கூடவே வத்தல் நெடியும் வந்தது. கலெக்டர் தும்மினார். டவாலி தும்மினார். தாசில்தார் தும்மியதில் கண்ணாடி கழன்று விழுந்தது. ஒரு தாய் குடத்துத் தண்ணீரைக் கொண்டுவந்து, "மூஞ்சியக் கழுவுங்க சாமி," என்றாள். பிள்ளைகளோடு வரிசையில் நின்று கலெக்டரும் முகம் கழுவினார்.

பிறகு பால்வாடிப் படியில் உட்கார்ந்து, "நான் பிள்ளைங்கள எடுத்துட்டுப் போவேன்னு உங்களுக்கு யார் சொன்னது?" என்று கேட்டார்.

அத்தனை விரல்களும் என்னைக் காட்டின.

ராஜாமணி சார் பக்கம் திரும்ப எனக்குத் துணிச்சல் இல்லை. பூட்டு, பூட்டு என்று மனசுக்குள் ஒரே சத்தம்.

கலெக்டர் தாய்மார்களிடம், "நீங்க வேலைக்குப் போனா இங்க பிள்ளைங்கள ஒழுங்காப் பாத்துக்கிறாங்களா?" என்றார்.

துணிப்பையோடு நின்றவள்தான் பதில் சொன்னாள். "நல்லாப் பாக்காமலா சாமி? உசுரு போற பயம் வந்தப்பகூட பிள்ளையள அவிய கையிலதான குடுத்தோம்."

கலெக்டர் பவுனுத்தாய் அக்காவைப் பார்த்துத் தலையை ஆட்டினார். வருகைப் பதிவேட்டை நீட்டிய தாசில்தாரிடம், "வேண்டாம். எல்லாரும் வந்திருக்காங்க. நானே காதால கேட்டேன்," என்றார்.

கையெழுத்து விழுந்தது. எல்லா ஊரிலும் பால்வாடி நடந்தது. கூடவே, இனிமேல் இந்தப் பெண் யாரிடமும் தகவல் சொல்லி அனுப்பக் கூடாது, நேரில் போய்த்தான் சொல்ல வேண்டும் என்று கூட்டமைப்பில் தீர்மானம் போட்டார்கள். அதனால் அந்தக் கரிசல் காட்டில் நான் ஏறாத பஸ் கிடையாது.

அன்று சாயங்காலமே ராஜாமணி சார் எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அதிலிருந்து எங்கள் வீட்டில் யார் தும்மினாலும் யாராவது "ஆடு" என்பார்கள். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் அப்பா, கையில் காபியோடு பலமாகத் தும்மினார். அடுப்படியிலிருந்து என் தம்பி பழக்கதோஷத்தில், "ஆடு" என்றான். மாப்பிள்ளை வீட்டார் மொத்தப் பேரும் அடுப்படியைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா வேர்க்க வேர்க்க முழுக்கதையையும் சொல்லி முடித்தார்.

கல்யாணம் நடந்தது. அன்று தும்மிய மாமாவுக்கு இப்போது வயதாகிவிட்டது. வாசல் பக்கம் தும்மல் கேட்டு நான் எட்டிப் பார்ப்பதற்குள், "நாந்தான் தாயி, ஆடு இல்ல," என்று அவரே குரல் கொடுத்துவிடுவார்.