மூன்று வயது டி.வி.க்கு ஒரு சப்போர்ட்

இன்றோடு இந்த வீட்டில் ஐம்பத்தைந்து இஞ்ச் ஆட்சி மலரும் என்று ஒரு சனிக்கிழமை காலை முடிவு செய்தேன். முடிவு செய்ய எனக்கு யார் அனுமதியும் தேவையில்லை. நடத்தத்தான் தேவை.

எங்கள் ஹாலில் உருப்படியான சுவர் ஒன்றே ஒன்று. அதன் நடுவில் முப்பத்திரண்டு இஞ்ச் டி.வி. அந்தச் சுவரை அடைத்து ஒரு பெரிய டி.வி. மாட்ட வேண்டும் என்பது என் ஆசை. அதே சுவரில் அலமாரி அடிக்க வேண்டும் என்பது என் மனைவியின் ஆசை. அவள் பள்ளிக்கூட டீச்சர். திருத்த வேண்டிய நோட்டுக்கட்டுகள் சோபாவில் உட்கார்ந்திருக்கும், நாங்கள் நின்றுகொண்டிருப்போம். இரண்டு வருஷமாக வழக்கு இழுத்துக்கொண்டிருந்தது. நான் லிஃப்ட் மெக்கானிக். ஊரையே மேலே ஏற்றி இறக்குகிறவன். வீட்டில் என் பேச்சு மட்டும் தரைத்தளத்தைத் தாண்டுவதில்லை.

அன்று டி.வி.யைப் போட்டதும் திரையில் ஓர் அறிவிப்பு வந்தது. இந்த மாடலுக்கான சாஃப்ட்வேர் சப்போர்ட் இந்த மாதத்தோடு நிறுத்தப்படுகிறதாம், இத்தனை நாள் காட்டிய அன்புக்கு நன்றியாம். வாங்கி மூன்றே வருஷம். அது வந்த அட்டைப்பெட்டிகூடப் பரணில் கசங்காமல் இருக்கிறது. வேறு யாராவது என்றால் கம்பெனிக்காரனைத் திட்டித் தீர்த்திருப்பார்கள். எனக்கு அவன் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும் போலிருந்தது. முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சமையலறைக்குப் போனேன்.

"டி.வி. கதை முடிஞ்சுது."

"ஏன்? நேத்து நல்லாத்தானே இருந்துச்சு?"

"சப்போர்ட் போயிடுச்சு."

"மூணு வருஷத்துலயா?"

"ஆமா. இனிமே ஒரு அப்டேட்டும் வராது. அப்டேட் வராததை வீட்டுல வச்சிருக்கறது ஆபத்து."

"உங்களுக்கும்தான் கல்யாணம் ஆன நாள்லேருந்து ஒரு அப்டேட்டும் வரல. வச்சிக்கிட்டுத்தானே இருக்கேன்?"

இதற்கெல்லாம் கோபப்பட்டால் காரியம் கெட்டுவிடும். சிரித்து வைத்தேன்.

"விளையாடாதே. சப்போர்ட் இல்லாத டி.வி. எந்த நேரமும் படுத்துடும்."

"ஐயையோ, கீழ விழுந்துடுமா?"

சுவரில் டி.வி.யைத் தாங்குகிற இரும்புச் சட்டத்தைச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள் போல. திருத்தியிருக்கலாம். திருத்துவது அவள் தொழில், நமக்கெதற்கு என்று விட்டுவிட்டேன். பள்ளிக்கூடத்தில் அவள் எடுக்கும் பாடமே கம்ப்யூட்டர்தான் என்பது அப்போது ஏன் ஞாபகம் வரவில்லை என்று கேட்காதீர்கள். வரவில்லை.

"விழும்னுதான் வச்சுக்கோயேன்," என்றேன்.

"அப்ப சட்டுபுட்டுன்னு ஒரு வழி பண்ணிடணும். நானே பார்த்துக்கட்டுமா?"

"தாராளமா."

"அப்புறம் பேச்சு மாற மாட்டீங்களே?"

"சத்தியமா மாட்டேன்."

மறுநாள் கார்பெண்டர் வந்தார். பெரிய டி.வி. என்றால் பின்னால் பலகை அடித்துத்தான் மாட்டுவார்கள் என்று நானே எனக்கு விளக்கம் சொல்லிக்கொண்டேன். "சார், இந்த முனையைப் பிடிங்க" என்றார். டேப்பைப் பிடித்தேன். சுவரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை அளந்தார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஐம்பத்தைந்து என்ன, அறுபத்தைந்தே வரும்போலிருக்கிறதே! அவருக்கு நானே டீ போட்டுக் கொடுத்தேன்.

வியாழக்கிழமை வேலை முடிந்து வந்தால் ஹாலில் மரத்தூள் வாசனை. சுவரைக் காணோம். தரையிலிருந்து கூரை வரை அலமாரி. தட்டு தட்டாக நோட்டுக்கட்டுகள். நட்டநடுவே அளவெடுத்துத் தைத்த மாதிரி ஒரு பொந்து. அதற்குள் நம்ம முப்பத்திரண்டு. கார்பெண்டர் ஸ்டூலில் நின்று கடைசித் திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன இது?" என்றேன்.

"டி.வி.க்கு சப்போர்ட். நாலு பக்கமும் குடுத்தாச்சு. இனிமே எப்படி விழும்?"

"நான் சொன்னது சாஃப்ட்வேர் சப்போர்ட்!"

"அதுவா? அதை அன்னிக்கே நானும் படிச்சேனே. பின்னாடி ஒரு சின்ன ஸ்டிக் செருகிட்டேன். அதுக்குத் தனியா அப்டேட் வரும், எல்லாப் படமும் ஓடும். பாருங்க."

ஓடியது. முன்னைவிட நன்றாகவே ஓடியது. எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. சோபாவில் போய் உட்கார்ந்தேன். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அதில் இடம் இருந்தது. ஒரு கடைசி நம்பிக்கை மட்டும் மிச்சமிருந்ததால் கார்பெண்டரிடம் ரகசியமாகக் கேட்டேன்.

"ஏங்க, நாளைக்கே இந்த டி.வி. நிஜமாவே கெட்டுப்போச்சுன்னா, இதையெல்லாம் பிரிச்சுத்தானே ஆகணும்?"

"அந்தக் கவலையே வேணாம் சார். டி.வி. போனா அந்தப் பொந்துலயும் தட்டு அடிக்க ரெண்டு பலகை இப்பவே அறுத்து வைக்கச் சொல்லிட்டாங்க மேடம்."