மால்ட் பாட்டிலும் ஏழு தட்டும்

ஹோ,
சனிக்கிழமை மதியம்

அன்புள்ள அக்பேகோ அண்ணனுக்கு,

தம்பி செனானு வணங்கி எழுதுவது. இங்கே யாவரும் நலம். நீங்களும் அண்ணியும் நலமா? என் கை நேற்றிலிருந்து தாளம் போட்டபடியே இருக்கிறது. எழுத்து ஆடினால் பொறுத்துக்கொள்ளவும்.

முப்பது வருடத்துக்கு முன், மாமா சாவு வீட்டில், "எதுக்குடா இப்படி ஓடறே, யாராச்சும் துரத்தறாங்களா?" என்று, மேளத்துக்குத் தாளம் தட்டிக்கொண்டிருந்த என் கையிலிருந்து ஊரே பார்க்க இரும்பு மணியைப் பிடுங்கினீர்களே, ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இருக்கிறது. நேற்று அதற்குப் பதில் கிடைத்துவிட்டது!

தேவாலயக் கூடத்தில் நம் யாயிராவின் கச்சேரி. இரண்டு வயலின், ஒரு வியோலா, என் மகள் செல்லோ. மேளம் இல்லை, மணி இல்லை, ஆனால் வாசித்தது நம் ஊர் ஆட்டமான அக்பாட்ஜாவின் இசை! எழுதியவர் எலிக்கெம் என்ற இளைஞர். அக்ராவிலிருந்து இசை விழாக்காரர்கள் இருவர் வந்திருந்தார்கள்; பிடித்தால் நால்வரையும் அங்கே வாசிக்க அழைப்பார்கள். "அப்பா, கை தட்டக்கூடாது, தோளை ஆட்டக்கூடாது, பக்கத்துல பேசக்கூடாது" என்றாள் யாயிரா. "மூச்சு விடலாமா?" என்றேன். "மெதுவா" என்றாள்.

செல்லோவின் வயிற்றில் விரலால் தட்டித் தட்டி அவள் மேளத்தையே வரவழைத்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது அண்ணா, அதைத் துடைப்பதற்குள் வயலின் ஒரு பக்கம், வியோலா ஒரு பக்கம், என் மகள் இன்னொரு பக்கம், சந்தையில் தொலைந்த பிள்ளைகள் மாதிரி ஆளுக்கொரு திசையில் போகிறார்கள், மணி இல்லாமல் எப்படிச் சேர்வார்கள், விழாக்காரர் வேறு ஏதோ குறித்துக்கொள்கிறார், என் கையிலோ குடித்து முடித்த மால்ட் பானத்தின் காலி பாட்டில், பக்கத்து அம்மாளின் கூடையில் ஒரு கரண்டி, எடுத்து அடித்தேன் பாருங்கள்! மணிக்கு உரிய அதே ஏழு தட்டு, ஒன்றுகூடப் பிசகவில்லை. நால்வரும் நிமிர்ந்து பார்த்து ஓடி வந்து சேர்ந்துகொண்டார்கள். கூடமே எழுந்து ஆடியது. பாதிரியார் அங்கியோடு ஆடினார். விழாக்காரர்களும் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஆடினார்கள்.

ஆகவே, என் மணி ஓடாது என்று நீங்கள் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். அண்ணிக்கு என் வணக்கம். உங்கள் முழங்கால் வலியைக் கடவுள் சீக்கிரம் வாங்கிக்கொள்ளட்டும்.

தங்கள் தம்பி,
செனானு

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் யாயிரா இதைப் படித்துவிட்டாள். நால்வரும் பிரிந்து போனது எழுதி வைத்ததாம். மணி நின்றால் என்ன ஆகும் என்று காட்ட எலிக்கெம் மூன்று மாதம் உட்கார்ந்து எழுதிய இடமாம். "நாங்க எங்கே ஓடி வந்தோம்? நீங்க ஓடினீங்க, நாங்க பின்னாலேயே ஓடினோம். பன்னிரண்டு நிமிஷம் ஒன்பதுலே முடிஞ்சுபோச்சு" என்கிறாள். ஆனாலும் விழாவுக்கு அழைத்துவிட்டார்கள், மணியும் வேண்டும் என்ற நிபந்தனையோடு. மணி தட்ட உங்கள் பெயரைக் கொடுத்திருக்கிறேன். வியாழக்கிழமை வண்டி ஏறி வந்துவிடுங்கள். வீட்டுக் கரண்டிகளை எல்லாம் யாயிரா பூட்டிவிட்டாள். காலைக் கஞ்சியைக் கிண்ணத்தோடுதான் குடித்தேன்.