எழுத்துக்கு அடியில் ஓர் ஊர்

மகோதயம் என்ற நாட்டுக்கு நெடுங்காலம் வரைபடமே கிடையாது. ஆறு எங்கே ஓடுகிறது என்பது அதில் குளித்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. எல்லை எங்கே இருக்கிறது என்பது அங்கே உதை வாங்கியவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதற்கு மேல் யாருக்கும் தேவைப்படவில்லை. மன்னர் கீர்த்திவாகனர் தம் நாட்டில் தொழில் தொடங்க வெளிநாட்டுச் செல்வந்தர்களை அழைத்தபோதுதான், முதலில் ஒரு வரைபடம் அனுப்புங்கள் என்று அவர்கள் கேட்டார்கள்.

பரஞ்சோதி என்ற வரைபடக்காரரை அரண்மனைக்கு அழைத்தார்கள். நாட்டை அளக்கச் சொல்வார்கள் என்று நினைத்து அவர் அளவுச் சங்கிலியோடு போனார். நிலத்துறை அமைச்சர் தண்டபாணியார் அதை வாசலிலேயே வைத்துவிட்டு வரச் சொன்னார். அளப்பதெல்லாம் முந்தைய ஆட்சியின் வழக்கமாம். இப்போது வேண்டியது, பார்த்தவுடன் நம்பத் தோன்றும் ஒரு நாடு. இருக்கிற நாடு அப்படித் தோன்றாது என்பதில் அமைச்சரவைக்குள் கருத்து வேறுபாடே இல்லை.

பரஞ்சோதி தொழில் தெரிந்தவர். பொய்யாக வரைவதற்கும் ஒரு முறை உண்டு என்று சொல்லிப் பார்த்தார். ஆறு மலையில் பிறந்து பள்ளத்தைப் பார்த்து ஓட வேண்டும். ஒரே ஆறு இரண்டு கடலில் போய் விழுந்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடச் சிரிப்பார்கள். மன்னர் பனிமலை கேட்டபோது, சித்திரை வெயிலில் கோழிகள் சுருண்டு விழுகிற நாடு இது என்று பணிவாக நினைவூட்டினார். மலை நின்றது, பனி போயிற்று. ஆற்றுக்கு இரண்டு வளைவுகள் கூடின. காடு வெட்டித் தீர்த்த இடங்களிலெல்லாம் பச்சை பூசினார்கள். கடைசியில், நாட்டின் பெயரை மேற்கிலிருந்து கிழக்குவரை தங்க எழுத்தில் எழுதினார்கள். அதில் ‘கோ’ என்ற எழுத்து நேராக ஈச்சங்கரை மேல் போய் உட்கார்ந்தது.

ஈச்சங்கரையில் நானூறு பேர் இருந்தார்கள். தொலைவில் ஆற்றிலிருந்து பிரியும் ஒரு வாய்க்கால் அவர்களுடைய கண்மாயை நிரப்பியது. இதைப் பரஞ்சோதி எடுத்துச் சொன்னபோது, நாட்டின் பெயரைவிட ஓர் ஊரின் பெயர் பெரிதா என்று அமைச்சர் கேட்டார். ஊரை எடுத்துவிட்டார்கள்.

வரைபடம் அரசிதழில் வெளியானது. கூடவே ஓர் ஆணையும் வந்தது: நிலத்துக்கும் வரைபடத்துக்கும் வேறுபாடு காணப்பட்டால் பிழை நிலத்தினுடையது, மாறாகச் சொல்பவருக்கு ஏழாண்டு சிறை.

அச்சகத்தில் தங்க மை கடைசி நேரத்தில் தீர்ந்துபோயிருந்தது. அதனால் நாட்டின் பெயரில் கடைசியாக வரும் ‘ம்’ எழுத்தின் புள்ளி மட்டும், ஊர்களைக் குறிக்கும் அதே சிவப்பு மையில் விழுந்தது. அரண்மனை அதிகாரிகள் ஊர்களை எண்ணினார்கள். பெயர்கள் முப்பது, புள்ளிகள் முப்பத்தொன்று. ஒரு பெயர்கூட வைக்காமல் ஓர் ஊரையே முந்தைய ஆட்சி வஞ்சித்துவிட்டது என்று மன்னர் சபையில் கண்ணீர் விட்டார். அன்றே அந்த ஊருக்குக் கீர்த்திபுரம் என்று பெயர் சூட்டினார்கள்.

“அமைச்சரே, அது ஊர் இல்லீங்க. ‘ம்’ எழுத்துக்கு வைச்ச புள்ளி,” என்றார் பரஞ்சோதி.

“அப்படியானால் வரைபடத்தில் பிழை இருக்கிறது என்கிறீர்கள்?”

பரஞ்சோதிக்கு ஏழாண்டு என்ற சொல் நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டார். பாவம், பிள்ளைகுட்டிக்காரர் என்று சிலர் அவருக்காகப் பரிந்து பேசுகிறார்கள். நான் பேச மாட்டேன். எந்தப் புள்ளி ஊர், எந்தப் புள்ளி எழுத்து என்று சொல்ல அந்த நாட்டில் அவர் ஒருவர்தான் இருந்தார்.

கீர்த்திபுரத்தைப் பார்க்கப் போன அதிகாரிகள், வேலிக்காத்தான்கூட முளைக்காத களர்நிலத்தில் கொஞ்ச நேரம் நின்றார்கள். மக்கள் அனைவரும் வேலைக்குச் சென்றிருந்தனர் என்று அறிக்கை எழுதினார்கள். வாக்காளர் பட்டியலில் நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் ஏறினார்கள். தேர்தலில் அத்தனை பேரும் வாக்களித்தார்கள், அத்தனையும் மன்னருக்கே. இப்படிப்பட்ட மக்களைத் தவிக்க விடலாமா? ஈச்சங்கரை வாய்க்காலை மறித்துக் கீர்த்திபுரத்துக்குத் திருப்பினார்கள். வழியில் பாதிக்கப்படும் ஊர் எதுவும் வரைபடத்தில் இல்லை. தண்ணீர் களர்மண்ணில் போய்த் தேங்கி, உப்போடு உப்பாக வெயிலில் காய்ந்தது.

ஈச்சங்கரைக் கண்மாய் வறண்டு வெடித்தது. ஆழ்குழாய்க் கிணறு போடப் போனார்கள். வரைபடத்தில் உள்ள ஊருக்கு மட்டும்தான் அனுமதி என்று புது ஆணை வந்தது. தண்ணீர் லாரி கேட்டார்கள். அதற்கும் அதே ஆணை. சனங்கள் கண்மாய்க்குள் ஊற்றுத் தோண்டிச் சேறும் தண்ணீருமாக மொண்டு குடித்தார்கள். பிள்ளைகளுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டது. இதை எழுதும்போது எனக்கு வயிறு எரிகிறது, அதை மறைக்கப் போவதில்லை.

வெள்ளத்தாய் செங்கல் சூளையில் கல் அறுப்பவள். அவளுடைய நாலு வயது மகள் செல்லக்கிளி மூன்று நாளாகக் கண் திறக்கவில்லை. கொடுத்த தண்ணீரே பிள்ளையைக் கொல்கிறது, நல்ல தண்ணீர் ஒரு குடம் கிடைத்தால் பிழைத்துக்கொள்வாள் என்று மருத்துவச்சி சொல்லியிருந்தாள். வெள்ளத்தாய் வட்டாட்சியர் கனகசபாபதியிடம் மனுவோடு போனாள். அவர் சுவரில் தொங்கிய வரைபடத்தைக் காட்டி, அவள் ஊரைத் தொட்டுக் காட்டச் சொன்னார். அவள் ஆற்றின் மேல் விரலை வைத்து, வாய்க்கால் பிரியும் இடத்தைத் தாண்டி நகர்த்தி, தங்க எழுத்தின் மேல் நிறுத்தினாள்.

“அது ஊர் இல்லம்மா. எழுத்து.”

“எழுத்துக்கு அடியிலதாங்கய்யா நாங்க இருக்கோம்.”

“எழுத்துக்கு அடியில காகிதந்தான் இருக்கும்,” என்று சொல்லிவிட்டு அவர் மனுவைத் திருப்பிக் கொடுத்தார்.

அவள் வீட்டுக்குப் போகவில்லை. கையோடு கொண்டுவந்திருந்த குடத்தை எடுத்துக்கொண்டு, முள்வேலி அடைத்துத் திருப்பிவிட்ட வாய்க்கால் கரையோடு, இறங்க வழி கிடைக்கும்வரை நடந்தாள். கீர்த்திபுரத்தில் புதுத் தண்ணீர் வந்து விழும் வாயில் குடத்தை நிறைத்துத் தூக்கும்போது காவலர்கள் பிடித்தார்கள். கீர்த்திபுரம் மக்களின் குடிநீரைத் திருடிய குற்றம். வழக்குப் பதிவேட்டில் சொந்த ஊரை எழுதியாக வேண்டும். ஈச்சங்கரை என்றாள், பட்டியலில் அப்படி ஓர் ஊர் இல்லை. பிடிபட்ட இடத்தையே ஊராக எழுதிக் குடத்தோடு வட்டாட்சியர் முன்னால் நிறுத்தினார்கள்.

“கீர்த்திபுரத்துக்காரின்னு நீங்களே எழுதிட்டீங்க,” என்றாள் வெள்ளத்தாய். “அப்ப அந்தத் தண்ணி எனக்குந்தானே? பிள்ள கெடக்குய்யா. வெரசா விடுங்க.”

கனகசபாபதி சட்டப் புத்தகத்தை அரை மணி நேரம் புரட்டினார். சட்டம் அவள் பக்கம் இருந்தது. பயந்துபோய் அமைச்சருக்குத் தொலைபேசியில் பேசினார். அமைச்சர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டி, ரிசீவரை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். அவர் குரலில் கொஞ்சம் இரக்கம்கூட இருந்தது.

“கீர்த்திபுரத்துக்கு அனுமதிச்ச ஆள் கணக்கு நெறஞ்சு போச்சும்மா. யாராவது செத்து எடம் காலியானா ஒன்னச் சேத்துக்கலாம். ஆனா அங்க இன்னிவரைக்கும் ஒருத்தர்கூடச் சாகலையே.”

குடத்துத் தண்ணீரை விதிப்படி கீர்த்திபுரத்திலேயே கொண்டுபோய்க் கொட்டச் சொன்னார். வரைபடத்தில் இல்லாத ஊர்க்காரிமேல் வழக்கு நிற்காது என்று அவளை விட்டுவிட்டார்கள்.

அவள் வெறுங்குடத்தோடு ஊருக்கு வந்தபோது வாசலில் ஆட்கள் கூடியிருந்தார்கள். எடுப்பதற்கு முன் பிள்ளையைக் குளிப்பாட்ட வேண்டும், அதற்குத் தண்ணீர் கொண்டுவருவாள் என்றுதான் அவளுக்காகக் காத்திருந்தார்கள். குளிப்பாட்டாமலே கொண்டுபோய்ப் புதைத்தார்கள். அந்த மாதம் ஈச்சங்கரையில் இன்னும் ஆறு குழிகள் வெட்ட வேண்டியிருந்தது.

ஆண்டு முடிவில் அரசு ஓர் அறிக்கை வெளியிட்டது. கெட்ட நீர் குடித்து மாண்டவர்கள் என்ற தலைப்புக்கு எதிரே ‘எவருமில்லை’ என்று போட்டிருந்தது. வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் அது சரிதான்.