தட்டு துரையும் விசில் சத்தமும்

துபாய் ஜெபல் அலி துறைமுகத்தில் அவர் தட்டாத பொருள் கிடையாது. கன்டெய்னர், டீ ஃபிளாஸ்க், மேனேஜரின் மேஜை, எங்கள் தலை! வெள்ளைக்காரர், எங்கள் கம்பெனியின் சேஃப்டி ஆபீசர். ஹெல்மெட் போட்டு வரிசையில் நின்றால், இரண்டு பென்சிலோடு வந்து ஒவ்வொரு தலையாகத் தட்டிக்கொண்டே போவார். ஹெல்மெட் கெட்டியா என்று சோதிக்கிறாராக்கும் என்று நாங்களும் பயபக்தியோடு நிற்போம். அப்புறம்தான் தெரிந்தது, மனுஷன் எங்கள் மண்டையில் தாளம் பழகியிருக்கிறார். 'தட்டு துரை' என்று பெயர் வைத்துவிட்டோம்.

எழுபதுகளின் கடைசியில் 'நியூ வேவ்' என்று ஒரு புதுப் பாட்டு இங்கிலாந்தைக் கலக்கியதாம். துரையும் மூன்று கூட்டாளிகளும் உடனே ஒரு பேண்ட் ஆரம்பித்தார்கள். இவர் டிரம்ஸ். வந்தது ஒரே ஒரு ரெக்கார்டு. அதையும் அவரவர் அம்மாதான் வாங்கினார்களாம். கடைசிக் கச்சேரி ஜெர்மனியில். பாதிப் பாட்டிலேயே கூட்டம் விசிலடித்து விரட்டிவிட்டது. அந்த ஊரில் விசிலடித்தால் 'இறங்குடா கீழே' என்று அர்த்தம். அன்றோடு பேண்ட் கலைந்தது. துரை அப்புறம் டிரம்ஸ் பக்கமே போகவில்லை.

2005 வாக்கில் ஒரு கிறிஸ்துமஸ். கேம்ப் மெஸ்ஸில் எங்கள் பாட்டுக் கச்சேரி. டிரம்ஸ் அடிக்கிறவன் லீவில் ஊருக்குப் போய்விட்டான். பாடகன் சேவியர், குளச்சல்காரன், வெல்டர். நேரே துரையிடம் போய் நின்றான்.

"சார், நீங்கதான் வாசிக்கணும்."

ஏற்கெனவே வெளுத்த முகம் இன்னும் வெளுத்தது. "இன்னொரு தடவை விரட்டினா நான் தாங்க மாட்டேம்பா" என்றார் இங்கிலீஷில்.

"எவன் விரட்டுவான்? நாங்க இருக்கோம்லா!"

அடித்தார் பாருங்கள்! எங்கள் பாட்டெல்லாம் தேர் மாதிரி ஆடி அசைந்து வருகிற ரகம். பாலன் பிறந்த செய்தியைச் சேவியர் சொல்லி முடிப்பதற்குள், துரை மூன்று ராஜாக்களையும் பெத்லகேமில் கொண்டு சேர்த்துவிட்டார். "சார், மெதுவா! மெதுவா!" என்று சேவியர் கதறுகிறான். யார் கேட்டது? பாகிஸ்தான் பட்டாணி பாய்கள்கூட பெஞ்சு மேல் ஏறி ஆடுகிறார்கள்.

பாட்டு முடிந்ததுதான் தாமதம், நம்ம பயல்கள் அடித்தார்களே விசில், காது கிழிந்தது. துரை குச்சிகளைக் கீழே வைத்தார். குனிந்த தலை நிமிராமல் பின்வாசல் வழியாக வெளியே போய்விட்டார்.

எனக்கு அந்த ஜெர்மனி விசில் ஞாபகம் வந்தது. பின்னாலேயே ஓடினேன். கார் பக்கத்தில் கண்கலங்கி நின்றார்.

"ஐயோ சார்! எங்க ஊர்ல விசிலடிச்சா, பிரமாதம்னு அர்த்தம்!"

"பொய் சொல்லாதே."

அதற்குள் மெஸ்ஸே அதிர்ந்தது. "ஒன்ஸ் மோர்! ஒன்ஸ் மோர்!"

"என்னையா கூப்பிடுறாங்க?"

"பின்னே சேவியரையா? அவன் மூச்சு விட முடியாம படுத்துக் கிடக்கான் சார்!"

துரை என்னை அப்படியே கட்டிக்கொண்டார். மறு நிமிஷம் சின்னப் பையன் மாதிரி உள்ளே ஓடினார். அதே பாட்டு, முன்னைவிட வேகம். எனக்கு விசிலடிக்க வராது. விரலை வாயில் வைத்தால் காற்றுதான் வரும். ஆனாலும் அந்த மனுஷனுக்காக அன்று விடாமல் ஊதிக்கொண்டே இருந்தேன்.